“கவுண்ட் சரியில்லை” என்று யார் சொல்வது?

வாசகர் கடிதம்:

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றில், சிறிய தனியார் மருத்துவமனையில் தியேட்டர் நர்ஸாக இருக்கிறேன். சர்ஜன் வெளியூரிலிருந்து வாரத்தில் சில நாள் வருவார். நல்ல கை, கோபம் ஜாஸ்தி. சில மாதம் முன்பு ராத்திரியில் குடல்வால் வெடித்த கேஸ். வயிறு மூடும் நேரத்தில் பத்து மாப்புக்கு (ரத்தம் ஒற்ற வயிற்றுக்குள் வைக்கிற துணி) ஒன்பதுதான் வந்தது. சொன்னேன். “எண்ணக் கத்துக்கிட்டு வா” என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டுத் தைக்க ஆரம்பித்தார். மயக்க மருந்து மேடம் தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில் மாப் வாளிக்கு அடியில் கிடந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அதிலிருந்து மாப் எண்ணிக்கையை, அதாவது கவுண்டை, சத்தமாகச் சொல்லவே நாக்கு எழவில்லை. ஆபரேஷன் பாதுகாப்புச் செக்லிஸ்டைக் காலையிலேயே மொத்தமாக டிக் அடித்து வைத்துவிடுகிறோம். போன மாதம் தரச்சான்றுக்காக ‘பாதுகாப்புக் கலாசாரம்’ என்று ஒரு படிவம் தந்தார்கள். டாக்டரின் உதவியாளர்தான் வாங்கிப்போனார், எல்லாரும் ‘மிக நன்று’ போட்டோம். டெக்னீசியன் அண்ணன் “நமக்கு ஏம்மா வம்பு” என்கிறார். நான் பேசவா, புகார் எழுதவா, மதுரையில் வேலை தேடவா? பழைய செக்லிஸ்ட்களில் விட்டுப்போனதை நிரப்பி வைக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

— பெயர் வேண்டாம், கீழக்கரைப் பக்கம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அன்று ராத்திரி நீங்கள் எண்ணியது சரி. பத்து கொடுத்தீர்கள், ஒன்பது வந்தது, அதைச் சொன்னீர்கள். பத்தாவது வாளிக்கு அடியில் கிடந்தது பிறகு தெரிந்த சேதி. டாக்டர் தையல் ஊசியைக் கையில் எடுத்த நேரத்தில் அது வாளிக்கு அடியில் இருக்கிறதா, குடலுக்கு நடுவில் இருக்கிறதா என்று அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமலேதான் தைத்தார். உங்கள் கடிதம் நெடுக ‘அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேனோ’ என்கிற குரல் ஓடுகிறது. அதை முதலில் விட்டுவிடுங்கள்.

நான் மயக்க மருந்து மருத்துவன். நம் பக்கத்து மருத்துவமனைகள் எப்படி ஓடுகின்றன என்று தெரிந்தவன். காலையில் ராமநாதபுரத்தில் ஒரு கேஸ், மதியம் கீழக்கரையில் ஒன்று, ராத்திரி மண்டபத்திலிருந்து போன் என்று ஓடுகிற கூட்டம் எங்களுடையது. ஊருக்கு வருவது ஒரே சர்ஜன். அவர் கோபித்துக்கொண்டு நாளையிலிருந்து வரமாட்டேன் என்றால் தியேட்டரைப் பூட்ட வேண்டியதுதான். இந்தப் பயம் உங்களைவிட உங்கள் முதலாளிக்கு அதிகம். அதனால்தான் சர்ஜன் கத்துவதை எல்லாரும் வெயிலைத் தாங்குகிற மாதிரித் தாங்கிக்கொள்கிறார்கள். உங்கள் தியேட்டரில் யாரும் கெட்டவர்கள் இல்லை என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்த அறை ஆபத்தான அறைதான்.

மாப் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கையில் இருக்கிற பலம் அங்கேதான் இருக்கிறது.

வயிற்றுக்குள் துணி, கருவி தங்கிப்போன கேஸ்களைப் பற்றி 2003-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. அவசர ஆபரேஷன், நடுவில் திட்டம் மாறிய ஆபரேஷன், பருமனான நோயாளி, இந்த மூன்றிலும் அபாயம் கூடுகிறது என்று அதில் தெரிந்தது. ராத்திரி வெடித்த குடல்வால் என்றால் அந்த மூன்றில் முதலாவது ஏற்கெனவே வந்துவிட்டது. அதைவிட முக்கியமானது இன்னொன்று: எண்ணிப் பார்த்தும் உள்ளே தங்கிப்போன கேஸ்களில் பெரும்பாலானவற்றில் ‘கவுண்ட் சரி’ என்றுதான் எழுதியிருந்தார்கள். அதாவது சரி என்று வருகிற கவுண்டையே முழுசாக நம்ப முடியாது. குறைகிறது என்று வருகிற கவுண்டைத் தள்ளிவிட்டுத் தைக்கலாமா?

சட்டப் பக்கம் ஒன்று. 1963-ல் அவுரங்காபாத் அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்குப் பிறகு கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பெண்ணின் வயிற்றில் மாப் தங்கிவிட்டது. சில நாளில் இறந்துபோனார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பு வந்தது. எந்த டாக்டரின் கை தவறியது என்று விரல் நீட்ட முடிகிறதோ இல்லையோ, மருத்துவமனையில் நடந்த அலட்சியத்துக்கு அதை நடத்துகிற அரசு பதில் சொல்ல வேண்டும் என்றது நீதிமன்றம். தனியார் மருத்துவமனை என்றால் அரசின் இடத்தில் முதலாளி நிற்பார். காசு வாங்கிச் செய்கிற சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே தீர்ப்பாகிவிட்டது. உங்கள் முதலாளியிடம் பேச நேர்ந்தால் ‘மரியாதை’, ‘கலாசாரம்’ என்றெல்லாம் தொடங்காதீர்கள். இங்கே தொடங்குங்கள். உடனே காது கொடுப்பார்.

இனி தியேட்டருக்குள் போவோம். ஸ்டோரில் போய் வயிற்று ஆபரேஷனுக்கு வைத்திருக்கிற மாப்பை எடுத்து, எக்ஸ்ரேயில் தெரிகிற நூல் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். சின்ன மருத்துவமனைகளில் கட்டுத்துணி ரோலை வெட்டி, மடித்துத் தைத்து, ஆட்டோகிளேவ் செய்து (நீராவியில் கிருமி நீக்கி) வைத்துக்கொள்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. நூல் இல்லாத துணி உள்ளே போனால் எக்ஸ்ரே எடுத்தும் புண்ணியம் இல்லை. வயிற்றைத் திறக்கிற எந்தக் கேஸுக்கும் அது மேஜைக்கு வரக் கூடாது. மாப்பைக் கட்டுக் கட்டாக ஒரே எண்ணிக்கையில் வையுங்கள். தொடங்கும் முன், வயிற்றின் உள்படலம் மூடும் முன், தோல் தைக்கும் முன், நடுவில் நர்ஸ் மாறினால் மாறும்போது என இருவர் சேர்ந்து, வாய்விட்டு எண்ணுங்கள். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டி, கொடுக்கக் கொடுக்க எழுதுங்கள். கடைசிக் கவுண்ட் முடிகிறவரை வாளியும் குப்பைப் பையும் அறையை விட்டு வெளியே போகக் கூடாது. அன்றைக்கு வாளி வெளியே போயிருந்தால் அந்தப் பத்தாவது மாப் கிடைத்திருக்குமா, யோசித்துப் பாருங்கள்.

பலகையைக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குறைகிறது என்பதை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, பலகை சொல்லிவிடும். வாய் எழாத ராத்திரிகளில் அது பெரிய உதவி.

சரி, வாயால் சொல்ல வேண்டிய நேரம் வந்தால்? நாம் பெரியவர்களிடம் ஜாடையாகப் பேசியே பழகியவர்கள். “சார்... கவுண்ட் கொஞ்சம்...” என்று இழுப்போம். அவர் காதில் அது விழாது, விழுந்தாலும் முனகலாகவே விழும். எண்ணோடு சொல்லுங்கள்: “சார், பத்து கொடுத்தேன், ஒன்பது வந்திருக்கு. மூடாதீங்க, தேடுறோம்.” அவ்வளவுதான். அவரைக் குறை சொல்கிற எதுவும் அதில் இல்லை, மன்னிப்பும் இல்லை. அவர் கேட்கவில்லை என்றால் அதையே இன்னொரு முறை, அதே வார்த்தையில் சொல்லுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மயக்க மருந்து மேடத்தைப் பார்த்து: “மேடம், கவுண்ட் சரியில்லை. எக்ஸ்ரே எடுக்கணும். நேரம் போட்டு எழுதிக்கிறேன்.” மூன்றையும் வீட்டில் இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வேடிக்கையாக இருக்கும், ஆனால் பழகாத வாக்கியம் பதற்றத்தில் வாயில் வராது.

இது தைரியம் இல்லாதவர்களுக்கு வருகிற சிக்கல் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் 2005-ல் எலேன் புரோமிலி என்கிற பெண், சாதாரண சைனஸ் ஆபரேஷனுக்காக மயக்கம் கொடுக்கப்பட்டார். மூச்சுப்பாதை அடைத்துக்கொண்டது. அனுபவமுள்ள டாக்டர்கள் சுற்றி நின்று குழாய் போட முயன்றுகொண்டே இருந்தார்கள். ஒரு நர்ஸ் கழுத்தில் துளையிடும் கருவிகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். இன்னொரு நர்ஸ் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை கேட்டுப் போன் செய்தார். டாக்டர்கள் பார்த்த பார்வையில், தான் மிகைப்படுத்திவிட்டோமோ என்று படுக்கையை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எலேன் சில நாளில் இறந்தார். என்ன செய்ய வேண்டும் என்று அந்த நர்ஸுகளுக்குத் தெரிந்திருந்தது, அதை எப்படிச் சொல்லி நிறுத்துவது என்பதுதான் தெரியவில்லை. எலேனின் கணவர் மார்ட்டின் விமானி. யாரையும் தண்டிக்கச் சொல்லிக் கேட்காமல், ‘எங்கள் விமானத் தொழிலில் இதை வேறு மாதிரி பழக்குவோமே’ என்று மருத்துவர்களிடம் போய்ப் பேச ஆரம்பித்தார். உலகத்தில் பல மயக்க மருந்துத் துறைகளில் இன்றைக்கும் அந்தக் கேஸை வைத்துப் பாடம் நடத்துகிறார்கள்.

விமானி என்றதும் ஞாபகம் வருகிறது. 2000-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஒப்பீடு வந்தது. கீழே உள்ளவர் மேலே உள்ளவரைக் கேள்வி கேட்கவே கூடாது என்கிற படிநிலை வேண்டாம் என்று விமானிகளில் 97 சதவீதம் பேர் சொன்னார்கள். மூத்த சர்ஜன்களில் 55 சதவீதம் பேர்தான் அப்படிச் சொன்னார்கள். நம் கடற்கரையில் இதை யாருக்கும் ஆய்வு வைத்துச் சொல்ல வேண்டாம். மன்னார் வளைகுடாவில் 21 தீவு, சுற்றிலும் பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு. அணியத்தில் (படகின் முன்முனையில்) நிற்கிற பையன் “பாரு” என்று கத்தினால் படகு ஓட்டுகிறவர் முதலில் இஞ்சினைக் குறைப்பார், அது பாரா பாசியா என்பதை அப்புறம்தான் பார்ப்பார். பாசியாக இருந்தாலும் பையனைத் திட்டமாட்டார். திட்டினால் அடுத்த தடவை அவன் கத்தமாட்டான் என்பது அவருக்குத் தெரியும்.

உங்கள் சர்ஜனிடம் நேராகப் போய் இதையெல்லாம் சொல்லச் சொல்லவில்லை. முதலில் மயக்க மருந்து மேடத்தைப் பிடியுங்கள். என் இனத்தைப் பற்றி நானே சொல்கிறேன்: கத்தல் தொடங்கியதும் மானிட்டரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வது எங்களுக்குக் கைவந்த கலை. ஆனால் அந்த அறையில் சர்ஜனுக்குச் சமமாகப் பேசக்கூடியவர் அவர் ஒருவர்தான். அன்றைய ஆபரேஷன் லிஸ்ட் முடிந்து டீ குடிக்கிற நேரத்தில் கேளுங்கள்: “மேடம், அடுத்த தடவை கவுண்ட் குறைஞ்சா நீங்க ஒரு வார்த்தை சொல்வீங்களா? கவுண்ட் சரியாகாம மயக்கத்தைத் தெளிய வைக்கலைன்னு சொன்னா போதும்.” பெரும்பாலானவர்கள் சரி என்பார்கள். அன்றைக்குக் குனிந்த தலை அவரையும் உறுத்திக்கொண்டுதான் இருக்கும்.

சர்ஜனிடம் பேசுகிற பொறுப்பை முதலாளியிடமோ மேடத்திடமோ விடுங்கள். அவர் ஏன் கத்துகிறார் என்று எனக்கு ஓரளவு புரிகிறது. சாப்பிடாமல் நான்காவது கேஸ், ராத்திரி, சீழ் நிறைந்த வயிறு. ஏதாவது ஆனால் நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி மதுரைக்கு அனுப்ப வேண்டும் என்கிற கவலை வேறு. புரிவதால் நியாயமாகிவிடாது. இஸ்ரேலில் பச்சிளங்குழந்தைப் பிரிவுக் குழுக்களை வைத்துச் செய்த ஒரு சோதனையை 2015-ல் வெளியிட்டார்கள். வெளியிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் லேசாக மட்டம் தட்டிப் பேசியதற்கே, அந்தக் குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் கைவேலையிலும் சறுக்கின. உங்கள் தியேட்டரில் நடப்பது லேசானது இல்லை. பேச்சு ஆபாசமாகவோ பாலியல் சாயலோடோ போனால் அது தனி விஷயம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டப்படி, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் உள் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். அங்கே எழுதிக் கொடுங்கள், யோசிக்க வேண்டாம்.

செக்லிஸ்டுக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அதை வெளியிட்டது. மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளி அறையை விட்டுப் போகும் முன் என்று மூன்று நிறுத்தம், 19 கேள்வி. புதுடெல்லி உட்பட எட்டு ஊர்களில் எட்டு மருத்துவமனைகளில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. இதை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். 2014-ல் கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகளில் அதே செக்லிஸ்டைக் கட்டாயமாக்கிய பிறகு பார்த்தபோது சொல்லும்படியான மாற்றம் ஒன்றும் இல்லை. இதை அவ்வளவாகச் சொல்வதில்லை. இரண்டு இடத்திலும் தாள் ஒன்றுதான். காலையிலேயே டிக் அடித்து வைக்கிற தாள் நோயாளியை எப்படிக் காப்பாற்றும்?

19-ஐயும் ஒரே நாளில் ஒழுங்காகச் செய்யப் போனால் சிரிப்பார்கள். இரண்டை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். முதலாவது, பெயர். நம் பக்கம் ஒரே லிஸ்டில் இரண்டு பாத்திமா பீவி இருப்பது அபூர்வம் இல்லை. முனியசாமிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். “நீங்கதானே பாத்திமா?” என்று கேட்டால், பயத்தில் இருக்கிற எந்தப் பெண்ணும் தலையாட்டுவார். “உங்க பேர் என்ன, வீட்டுக்காரர் பேர் என்ன, என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம்?” என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள், கையில் கட்டிய பட்டையோடு ஒப்பிடுங்கள். “எப்போ சாப்பிட்டீங்க?” என்பதையும் அப்படியே கேளுங்கள். “டீ மட்டும்தான்” என்று ஒரு பதில் வரும் பாருங்கள், என் வயிற்றில் புளியைக் கரைக்கிற பதில் அதுதான். இரண்டாவது, கத்தி வைக்கும் முன் அறையில் உள்ள ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் ஒரு வரியில் சொல்வது. தினமும் பார்க்கிற முகம்தானே என்று தோன்றும். தொடக்கத்தில் ஒரு தடவை வாய் திறந்தவருக்கு நடுவில் இன்னொரு தடவை வாய் திறப்பது எளிது. டெக்னீசியன் அண்ணனையும் சொல்ல வையுங்கள். “நமக்கு ஏன் வம்பு” என்று அவர் சொல்கிறார் என்றால், முன்பு எப்போதோ எதையோ சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

அந்தப் படிவம். அதில் எல்லாரும் ‘மிக நன்று’ போட்டதை நீங்கள் வெட்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. டாக்டரின் உதவியாளர் கையில் கொடுக்கிற தாளில் வேறு என்ன எழுத முடியும்? இந்த வகைப் படிவங்கள் உலகம் முழுக்கப் பயன்படுகிறவை, 2004-ல் அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்று வெளியிட்டது அவற்றில் பிரபலமானது. பல நாடுகளில் எடுத்துப் பார்த்தால் ‘தவறைச் சொன்னால் தண்டிக்கமாட்டார்கள்’ என்கிற பகுதிதான் அடிமட்டத்தில் கிடக்கும். ஒரு தியேட்டரில் அதுகூட நூற்றுக்கு நூறு வந்தால், அங்கே பயம் முற்றிவிட்டது என்று நான் எடுத்துக்கொள்வேன். ஒரு கை விரலில் எண்ணக்கூடிய ஆட்கள் வேலை செய்கிற இடத்தில் வயது, ஆணா பெண்ணா, எத்தனை வருட சர்வீஸ் என்று கேட்டாலே ஆள் தெரிந்துவிடும். தரச்சான்றுக்காக மறுபடி எடுப்பார்கள் என்றால் முதலாளியிடம் இரண்டே வேண்டுகோள் வையுங்கள்: வேலை எது என்பதைத் தவிர சொந்த விவரம் எதுவும் வேண்டாம், தாளை வெளியாள் ஒருவர் பெட்டியில் வாங்கட்டும். பிறகு டாக்டர்கள் போட்ட மதிப்பெண்ணையும் மற்ற எல்லாரும் சேர்ந்து போட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ‘எங்கள் டீம் நல்ல டீம்’ என்று சர்ஜன்கள் போடுவதும் நர்ஸுகள் அதைவிடக் குறைத்துப் போடுவதும் பல ஊர்களில் பார்த்த கதை. அந்த இடைவெளியைத்தான் முதலாளி பார்க்க வேண்டும்.

புகார் எழுதவா என்று கேட்டீர்கள். சர்ஜன் மேல் புகார் இப்போது வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், அது வேறு. தேதி, நேரம், எத்தனை கொடுத்தது, எத்தனை வந்தது, யாரிடம் சொன்னது, என்ன பதில், மாப் எங்கே கிடைத்தது. ‘அவமானப்படுத்தினார்’, ‘திமிராக’ போன்ற வார்த்தைகள் வேண்டாம். நர்சிங் பொறுப்பாளரிடம் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்தோடு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் பெயர், போட்டோ எதுவும் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போகக் கூடாது. நம் ஊர்களில் அரை மணி நேரத்தில் அது நோயாளியின் மச்சான் போனுக்கு வந்துவிடும், அப்புறம் நீங்கள்தான் குற்றவாளி.

மதுரைக்குப் போவது பற்றி. அங்கேயும் கத்துகிற சர்ஜன்கள் இருக்கிறார்கள். அதற்காக மட்டும் வீட்டையும் ஊரையும் விட்டுப் போக வேண்டாம். ஒரு மூன்று மாதம் மேலே சொன்னதைச் செய்து பாருங்கள். பலகை மாட்டினார்களா, நூல் வைத்த மாப் வாங்கினார்களா, மேடம் ஒரு தடவையாவது உங்களுக்காகப் பேசினாரா என்று பாருங்கள். எதுவும் நடக்காமல், குறைந்த கவுண்டைச் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிற நாள் வந்தால், போடாதீர்கள். அன்றைக்கே வேறு வேலை தேடத் தொடங்கிவிடுங்கள். அனுபவமுள்ள தியேட்டர் நர்ஸுக்கு வேலை கிடைக்கும்.

கடைசியாக, பழைய செக்லிஸ்ட்கள். கை வைக்காதீர்கள். விட்டுப்போன கட்டம் விட்டுப்போனதாகவே இருக்கட்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும் என்று 2002-லிருந்து மருத்துவர்களுக்கான நடத்தை விதி இருக்கிறது. நாளைக்கு அந்தத் தாள் எந்த வக்கீல் கையில் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? காலியான கட்டத்துக்குக் காரணம் சொல்லிவிடலாம். வேறு பேனாவில், வேறு நாளில் போட்ட டிக்குக்கு என்ன காரணம் சொல்வீர்கள்? அதில் இருப்பது உங்கள் கையெழுத்து. “இன்றிலிருந்து சரியாக நிரப்புகிறோம், பழையதைத் தொடமாட்டேன்” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். மறுபடி வற்புறுத்தினால் அந்த உத்தரவை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். தரமாட்டார்கள்.